ரியூகுவில் தண்ணீர் எங்கே போனது?

2018 ஜூன் 27. பூமியிலிருந்து சுமார் 28 கோடி கிலோமீட்டர் தொலைவில், ரியூகு என்ற சிறுகோளுக்கு 20 கிலோமீட்டர் பக்கத்தில் போய் நின்றது ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம். மூன்றரை ஆண்டுப் பயணம். கேமரா அனுப்பிய படங்களைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நடுவில் புடைத்து, மேலும் கீழும் கூம்பி, அச்சு அசல் பம்பரம் போல ஓர் உருவம். குறுக்களவு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மேலெல்லாம் பாறைகள். நிறம்? அடுப்புக்கரி தோற்றுவிடும்.

கேமரா குழு கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவியின் குழுவுக்கு மட்டும் ஒரு குழப்பம். அந்தக் கருவியின் பெயர் என்.ஐ.ஆர்.எஸ்.3. அது படம் எடுக்காது. ரியூகுவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியை 128 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஒளி வருகிறது என்று எண்ணிச் சொல்லும். அகச்சிவப்பு நிறமாலைமானி என்பது இதன் முழுப்பெயர். இதை அனுப்பியதே ஒரு கேள்விக்காகத்தான்: ரியூகுவில் தண்ணீர் உண்டா?

முதலில் வந்த வரைபடங்களில் தண்ணீருக்கான அடையாளம் தெளிவாகத் தெரியவில்லை. 'எதிர்பார்த்ததைவிட வறண்ட சிறுகோள்' என்று அந்த ஆண்டு செய்திகளும் வந்துவிட்டன. ரியூகு நிஜமாகவே வறண்டதா? அல்லது கருவி காட்டுவதை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லையா?

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சூரியக் குடும்பம் உருவாகி சுமார் 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்து மிச்சம் மீதிகள்தான் சிறுகோள்கள். பூமியில் இத்தனை கடல் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை. ரியூகு போன்ற கரிய சிறுகோள்கள் தண்ணீரைச் சுமந்துவந்து கொட்டியிருக்கலாம் என்பது முக்கியமான யூகங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஒரு சிறுகோளின் வாசலுக்கே போய் நின்றபின் 'தண்ணீர் இல்லை' என்று தவறாகச் சொல்லிவிட்டால், அந்தக் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும்.

2.7 என்ற எண்

சிறுகோளில் தண்ணீர் என்றால் குளம், குட்டை என்று நினைக்க வேண்டாம். பாறைக்குள் பூட்டிக்கிடக்கும் தண்ணீர். களிமண் தாதுக்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த ஜோடி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். அந்த அதிர்வுக்குப் பொருந்திய ஒளி வந்தால், அதை விழுங்கிவிடும். அந்த ஒளியின் அலைநீளம் 2.7 மைக்ரானை ஒட்டி இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குச் சிவப்பு நிறம் வரைதான் தெரியும், அது 0.7 மைக்ரானிலேயே முடிந்துவிடுகிறது.

என்.ஐ.ஆர்.எஸ்.3 பார்ப்பது 1.8 முதல் 3.2 மைக்ரான் வரை. வரைபடத்தில் 2.7 பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால், அங்கே நீர் கலந்த தாது இருக்கிறது. பள்ளம் இல்லையென்றால் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

இந்தச் சுலபத்தைக் கெடுப்பது ரியூகுவின் கறுப்பு. இந்த அலைநீளங்களில் அது திருப்பி அனுப்புவது, விழும் ஒளியில் 2 சதவீதம் அளவுக்குத்தான். ஆயிரம் ஒளித்துகள் விழுந்தால் சுமார் இருபது திரும்பும். பள்ளத்தின் ஆழம் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், இருபதுக்குப் பதில் பதினெட்டு வரும். அந்த இரண்டு குறைந்ததா, இல்லையா என்பதில்தான் தண்ணீர் இருக்கிறது. கருவி தன் பங்குக்கு ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ காட்டினால்? பாலைவனத்தில் கடலைப் பார்ப்போம். அல்லது கடலைப் பார்த்துப் பாலைவனம் என்போம்.

ஜீரோ எது?

காய்கறிக் கடையில் எலெக்ட்ரானிக் தராசு பார்த்திருப்பீர்கள். வெறும் தட்டை வைத்ததும் கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி ஜீரோ ஆக்குவார். அதைச் செய்யாமல் விட்டால் தட்டின் எடையும் தக்காளி விலையில் சேர்ந்துவிடும். நிறமாலைமானிக்கும் இதே கதைதான். ஆனால், அதன் தட்டு சும்மா இருக்காது. வெப்பமாக இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்பு ஒளியை வெளியிடும். கருவியின் உள்சுவர், கண்ணாடி, மூடி எல்லாமே பொருள்கள்தானே? ஆக, கருவி தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. எதையும் பார்க்காதபோதும் உணரியில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைக் குறைப்பதற்காக என்.ஐ.ஆர்.எஸ்.3-ன் உணரியை மைனஸ் 70 முதல் மைனஸ் 85 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் மிச்சமிருக்கும் சத்தத்தை, மூடியை மூடி 'இருட்டை' அளந்து, திறந்தபோது வந்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். கலம் சூரியனை நோக்கிச் சற்றுத் திரும்பினாலும் கருவியின் வெப்பநிலை மாறும். வெப்பநிலை மாறினால் ஜீரோவும் மாறும். நேற்றைய ஜீரோ இன்றைக்கு உதவாது.

அடுத்த தலைவலி, அளவுகோல். உணரியில் வந்த எண் 500 என்றால், அது எவ்வளவு ஒளி? இதற்கு, எவ்வளவு ஒளி தரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருளைக் காட்ட வேண்டும். கலம் கிளம்புவதற்கு முன் ஆய்வகத்தில் நடக்கும் வேலை இது. முழுக் கறுப்பாகச் செய்யப்பட்ட ஒரு குழியைக் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்தால், அது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விடும் என்பதை 1900-ல் மேக்ஸ் பிளாங்க் தந்த சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது மாதிரி, அந்த ஒளியை வைத்துக் கருவியின் 128 துண்டுகளுக்கும் தனித்தனியாக முத்திரை குத்துவார்கள். 128-க்கும் ஒரே குணம் கிடையாது. சில துண்டுகள் கொஞ்சம் சோம்பேறி, சில கொஞ்சம் துடுக்கு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுகளின் குணத்தைத் தப்பாகக் குறித்துவைத்தால், இல்லாத பள்ளம் ஒன்று முளைத்துவிடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. தண்ணீரைத் தேடும் கருவியைச் சோதிக்கும்போது முதல் எதிரியே தண்ணீர்தான். ஆய்வக அறைக் காற்றில் நீராவி இருக்கிறது. பக்கத்தில் நின்று மூச்சு விடும் விஞ்ஞானியிடமிருந்தும் நீராவி வருகிறது. அது 2.7 மைக்ரான் ஒளியை வழியிலேயே விழுங்கிவிடும். கரியமில வாயுவும் அதே இடத்தில் கைவைக்கும். பூமியில் இருக்கும் தொலைநோக்கிகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் சிறுகோள்களின் இந்தப் பள்ளத்தைப் பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். தலைக்கு மேலிருக்கும் காற்று அந்த ஜன்னலை மூடிவிடுகிறது. எனவே இந்த வகைக் கருவிகளை காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள்ளோ, உலர் நைட்ரஜன் நிரப்பிய கூண்டிலோ வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் ஆய்வகத்துத் தண்ணீர் சிறுகோளின் கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாவது தலைவலி, சிறுகோளின் சொந்தச் சூடு. ரியூகுவின் பகல் நேரத் தரை, கோடை வெயிலில் காய்ந்த மொட்டைமாடி போலச் சுடும். அந்தச் சூடும் அகச்சிவப்பாக வெளியே வரும். 3 மைக்ரானை நெருங்க நெருங்க, திரும்பி வரும் சூரிய ஒளியோடு இந்தச் சூட்டு ஒளியும் கலந்துவிடும். பள்ளத்தின் வலது கரை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை, சூட்டைக் கழித்த பிறகுதான் சொல்ல முடியும். கூடுதலாகக் கழித்தால் கரை இடிந்துவிடும். குறைவாகக் கழித்தால் பள்ளமே மேடாகிவிடும்.

நிலா என்ற எடைக்கல்

இவ்வளவும் தரையில் செய்தாகிவிட்டது. பிறகு என்ன நடக்கிறது? கருவியை ராக்கெட்டில் ஏற்றிக் குலுக்குகிறோம். வெற்றிடத்தில், குளிரில், கதிர்வீச்சில் ஆண்டுக்கணக்கில் மிதக்கவிடுகிறோம். உள்ளே சோதனை விளக்குகளை வைத்து அனுப்பினாலும் அந்த விளக்குகளுக்கும் வயதாகும். கடைக்காரர் தராசை ஆண்டுதோறும் முத்திரைக்குக் கொண்டுபோகலாம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கருவியைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

அதனால், போகும் வழியில் இருக்கும் தெரிந்த முகங்களைப் பார்க்கச் சொல்வார்கள். பூமியைவிடத் தெரிந்த முகம் எது? 2014 டிசம்பர் 3 அன்று கிளம்பிய ஹயபுசா 2, சரியாக ஒரு வருடம் கழித்து, 2015 டிசம்பர் 3 அன்று வேகம் கூட்டிக்கொள்வதற்காக மீண்டும் பூமிக்கு அருகில் வந்தது. ஹவாய் பக்கம் சுமார் 3,090 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. அதன் கருவிகளைச் சோதித்துப் பார்க்க அது பொன்னான வாய்ப்பு. பூமியின் காற்றிலிருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் எந்தெந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்கும் என்பது துல்லியமாகத் தெரியும். ஆய்வகத்தில் எதிரியாக இருந்த அதே நீராவி, இப்போது அளவுகோலின் கோடுகளைச் சரிபார்க்கும் நண்பன்.

அமெரிக்காவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலமும் இதையே செய்தது. பென்னு என்ற சிறுகோளுக்குப் போகும் வழியில், 2017 செப்டம்பர் 22 அன்று அண்டார்டிகாவுக்கு மேலே சுமார் 17,000 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அதிலிருந்த ஓவிர்ஸ் என்ற நிறமாலைமானி பூமியையும் நிலாவையும் பார்த்து, தரையில் குத்தப்பட்ட முத்திரை இன்னும் செல்லுமா என்று சோதித்துக்கொண்டது.

நிலா இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம். அங்கே மழை இல்லை, மேகம் இல்லை, பருவம் இல்லை. வளர்பிறை, தேய்பிறை எல்லாம் ஒளி விழும் கோணத்தின் விளையாட்டு. தரையின் பிரதிபலிப்பில் மாற்றம் இல்லை. அது ஆண்டுக்குப் பத்துக்கோடியில் ஒரு பங்குகூட மாறுவதில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் புவியியல் ஆய்வு மையம், அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தானியங்கித் தொலைநோக்கிகளை வைத்து, எட்டு ஆண்டுகள்போல நிலாவையே படம் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தத் தேதியில், எந்தக் கோணத்தில் பார்த்தால் நிலா எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று சொல்லும் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. உலகின் எத்தனையோ செயற்கைக்கோள்கள் தங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்வது இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான். ஹயபுசா 2, ஒசைரிஸ்-ரெக்ஸ் ஆகிய இரண்டின் கேமராக்களையும் பின்னாளில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர உதவியதும் அவை எடுத்த நிலாப் படங்கள்தான்.

நிலாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருமுறை அளவுகோலே செய்தியாகிப்போன கதையும் உண்டு. சனிக்கோளுக்குப் போய்க்கொண்டிருந்த காசினி கலம் 1999 ஆகஸ்டில் பூமியைக் கடந்தபோது, அதன் நிறமாலைமானி நிலாவைப் பார்த்தது. 3 மைக்ரான் பக்கத்தில் ஒரு பள்ளம்! நிலா எலும்பு போலக் காய்ந்தது என்பதுதான் அன்றைய பாடம். கருவியில்தான் ஏதோ கோளாறு என்று எவரும் நினைப்பார்கள். அந்தக் கருவியின் அளவுகள் முழுமையாகச் சீராகவே பல ஆண்டுகள் பிடித்தன. பிறகு, 2008 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் சந்திரயான்-1 நிலாவைச் சுற்றியது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த கலம். அதில் நாசா வைத்து அனுப்பிய எம்-க்யூப் நிறமாலைமானியும் அதே பள்ளத்தைக் கண்டது. டீப் இம்பாக்ட் என்ற கலமும் நிலாவைத் திரும்பிப் பார்த்து 'ஆமாம்' என்றது. மூன்று கருவிகள், மூன்று குழுக்கள், ஒரே பள்ளம். 2009 செப்டம்பரில் மூன்று முடிவுகளும் ஒன்றாக வெளிவந்தன. பத்து ஆண்டுகள் சந்தேகத்தில் கிடந்த காசினியின் கோடு, சந்திரயான் வந்த பிறகு சாட்சியாக மாறியது.

2.72-ம் 2.74-ம்

ரியூகுவுக்கு வருவோம். ஐசு பல்கலைக்கழகத்தின் கோஹெய் கிடாசாட்டோ தலைமையில் என்.ஐ.ஆர்.எஸ்.3 தரவுகளை அலசியது ஒரு குழு. முதல் வாரங்களின் வரைபடத்தோடு அவர்கள் நிற்கவில்லை. கருவியின் அளவுத்திருத்தத்தை மெருகேற்றி, இருட்டைக் கழித்து, சிறுகோளின் சூட்டைக் கழித்து, ரியூகு சுழலச் சுழல அதன் மேற்பரப்பு முழுவதையும் அலசினார்கள். 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தக் கருவி ஒரு நேரத்தில் பார்ப்பது சுமார் 35 மீட்டர் அகலமுள்ள ஒரு திட்டு. திட்டுத் திட்டாக, இடம் இடமாகப் பார்த்தார்கள்.

பள்ளம் இருந்தது. ஆழமில்லை. மிக மெல்லிய, குறுகலான பள்ளம். 2.72 மைக்ரானில், ரியூகுவின் எல்லா இடங்களிலும். 2019 மார்ச் 19 அன்று 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள்: ரியூகுவில் நீர் கலந்த தாதுக்கள் பரவலாக இருக்கின்றன. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2018 டிசம்பரில், ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவை அடைந்திருந்தது. பார்வைக்குப் பென்னுவும் ரியூகுவும் கூடப்பிறந்தவை மாதிரி. அதே பம்பர உருவம், அதே கறுப்பு. ஆனால் பென்னுவில் பள்ளம் நன்றாகவே தெரிந்தது. இருந்த இடம் 2.74 மைக்ரான்.

2.72, 2.74. இரண்டுக்கும் இடையே 0.02 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். அந்த ஜோடியின் பக்கத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறதா, இரும்பு உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பள்ளம் இடம் மாறும். 2.72 என்றால் மெக்னீசியம் மிகுந்த களிமண் என்று பொருள். ஒரு சிறுகோளின் உள்ளே தண்ணீர் எவ்வளவு நாள் ஊறியது, பாறை எந்த அளவுக்கு மாறியது என்ற முழு வரலாறும் இந்தச் சிறு நகர்வில் ஒளிந்திருக்கிறது. என்.ஐ.ஆர்.எஸ்.3-ஆல் பிரித்துப் பார்க்க முடிந்த மிகச்சிறிய படி எவ்வளவு தெரியுமா? அதுவும் 0.02 மைக்ரான்தான். ஸ்கேலில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை முழுவதும் அளவுத்திருத்தத்திலிருந்து வந்தது.

பள்ளம் ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது? ஏதோ ஒரு காலத்தில் ரியூகு நன்றாகச் சூடாகி, தண்ணீரின் பெரும்பகுதியை இழந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விளக்கம். ஆய்வகத்தில் இருக்கும் விண்கற்களில், வெப்பத்திலோ மோதலிலோ அடிபட்டவற்றின் வரைபடங்களோடுதான் ரியூகு ஒத்துப்போனது.

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. தோண்டிப் பார்ப்பது. 2019 ஏப்ரல் 5 அன்று ஹயபுசா 2, இரண்டு கிலோ எடையுள்ள செம்புக் குண்டை நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ரியூகு மீது அடித்தது. பதினான்கு மீட்டருக்கு மேல் அகலமான குழி விழுந்தது. அடியிலிருந்து வெளியே வந்த புதிய மண்ணை என்.ஐ.ஆர்.எஸ்.3 பார்த்தது. பள்ளம் சற்றே ஆழமாக இருந்தது. சற்றே. அந்தச் சற்றேயை நம்பிச் சொல்லும் அளவுக்குக் கருவியின் மீது பிடிப்பு வந்திருந்தது. மேலே மட்டும் வெயிலில் காய்ந்திருந்தால் அடியில் ஈரம் அதிகமிருக்க வேண்டுமே? அவ்வளவு வித்தியாசம் இல்லை. எனவே மொத்த ரியூகுவும் பழைய காலத்திலேயே 300 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள்.

இதற்கிடையே இன்னொரு சங்கடம். 2019 பிப்ரவரி 22 அன்று கலம் முதன்முறையாகத் தரையைத் தொட்டு மண்ணை எடுத்து எழும்பியபோது, கிளம்பிய தூசி கலத்தின் அடிப்பக்கக் கேமராக்களின் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. முன்பு வந்த அளவு ஒளி உள்ளே வரவில்லை. துடைக்க யாரும் இல்லை. எவ்வளவு மங்கியது என்று கணக்கிட்டு, எல்லா எண்களையும் மறுபடி திருத்தி, அதே கண்ணாடியோடுதான் ஜூலை 11 அன்று இரண்டாம் முறை இறங்கினார்கள்.

5.4 கிராம் சாட்சி

2020 டிசம்பர் 6 அதிகாலை, ஆஸ்திரேலியாவின் வூமெரா பாலைவனத்தில் ஒரு சிறு பெட்டகம் வந்து விழுந்தது. உள்ளே ரியூகுவின் மண். மொத்தம் 5.4 கிராம். சமையலறை டீஸ்பூனில் ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

விண்கற்கள் எத்தனையோ பூமியில் விழுந்திருக்கின்றன. ஆனால் விழுந்த நொடியிலிருந்தே அவை நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். பிறகு 2.7 பக்கத்தில் தெரிவது யார் வீட்டுத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் ரியூகு மண்ணைக் காற்றிலேயே காட்டவில்லை. சாகமிஹாரா நகரில் இருக்கும் ஜாக்ஸா மையத்தில், வெற்றிடத்திலும் தூய நைட்ரஜனிலும் வைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாகவே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளந்தார்கள்.

2.72 மைக்ரானில் பள்ளம். கலம் சொன்ன அதே இடம். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

ஆழம்தான் ஒத்துவரவில்லை. மண்ணில் தெரிந்த பள்ளம், கலம் வானிலிருந்து பார்த்ததைவிட நன்றாகவே ஆழம். ஒரே சிறுகோள், ஒரே தாது, ஒரே அலைநீளம். ஒருவர் 'கொஞ்சம் தண்ணீர்' என்கிறார், இன்னொருவர் 'நிறையத் தண்ணீர்' என்கிறார்.

இப்படி நேர்ந்தால் முதல் சந்தேகம் கருவி மேல்தான் விழும். ஆனால் இடம் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய ஒரு கருவியை அப்படிச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. இருட்டு, ஒளி, சூடு என்று ஒவ்வொரு படியும் ஏற்கெனவே சலித்துப் பார்த்தவை. அப்படியானால் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருந்தால்? இரண்டு பேரும் பார்த்தது ஒன்றுதானா?

மண் துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களிடமிருந்து விடை வந்தது. சில துகள்களின் மேல் மிக மெல்லிய ஒரு தோல் இருந்தது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்காற்றும், மணலைவிடச் சிறிய விண்தூசிகளின் மோதலும் சேர்ந்து அந்தத் தோலில் இருந்த தண்ணீரை விரட்டியிருந்தன. தோலுக்கு அடியில், துகளுக்குள், ஈரம் அப்படியே இருந்தது. வடித்துவைத்த கஞ்சியின் மேல் ஆடை காய்ந்து கிடப்பது போல. இந்த ஆய்வு 2022 டிசம்பரில் வெளியானது. கலத்தின் அளவுகளையும் மண்ணின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 2023-ல் வந்த இன்னோர் ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது. வானிலிருந்து பார்க்கும் அகச்சிவப்புக் கருவிக்குத் தெரிவது மேலேயுள்ள அந்தக் காய்ந்த ஆடை. கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரிவது உள்ளே இருக்கும் கஞ்சி.

மண்ணின் வேதியியலும் இதற்குப் பொருந்திப்போனது. தண்ணீரில் ஊறிய காலத்துக்குப் பிறகு இந்தத் துகள்கள் 100 டிகிரிக்கு மேல் சூடாகவே இல்லை என்று தெரியவந்தது. 300 டிகிரிக் கதை அத்தோடு போயிற்று. கிடாசாட்டோ குழுவின் எண்கள் நின்றன. எண்களுக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் மாறியது. எண்கள் நம்பகமானவையாக இல்லாமல் இருந்திருந்தால், 'கருவி சரியில்லை' என்று ஒரே வரியில் மூடியிருப்பார்கள். காய்ந்த ஆடையை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ரியூகுவை மட்டுமல்ல, பல சிறுகோள்களைத் தூரத்திலிருந்து பார்த்து 'வறண்டது' என்று எழுதிவைத்த பழைய குறிப்புகளையும் இப்போது சற்றுச் சந்தேகத்தோடு புரட்ட வேண்டியிருக்கிறது.

மண்ணை இறக்கிவிட்ட ஹயபுசா 2 ஓய்வெடுக்கவில்லை. 2026 ஜூலையில் டோரிஃபுனே என்ற சிறுகோளை உரசிக்கொண்டு போகவும், 2031-ல் 1998 கே.ஒய்.26 என்ற குட்டிச் சிறுகோளை அடையவும் திட்டம். என்.ஐ.ஆர்.எஸ்.3 இன்னும் அதன் வயிற்றில்தான் இருக்கிறது. பென்னுவின் மண்ணை 2023-ல் யூட்டா பாலைவனத்தில் இறக்கிய ஒசைரிஸ்-ரெக்ஸ் கலமும், ஒசைரிஸ்-அபெக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2029-ல் பூமிக்கு மிக அருகில் வரவிருக்கும் அபோஃபிஸ் சிறுகோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 23 அன்று அது மறுபடியும் பூமியைக் கடந்து போனது.